இடிமழையும் திடீர் வெள்ளமும்: கிராமங்கள் மழையை அளந்தறிய வேண்டிய அவசியம்

தூத்துக்குடி ஜில்லா மழை குறைந்த ஜில்லா என்பது யாவரும் அறிந்த விஷயம். வருஷம் முழுவதிலும் பெய்யும் மழை சராசரியாக 70 சென்டிமீட்டருக்கும் குறைவு. உப்பளங்கள் பரந்த கடற்கரையும், முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாவும், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலும், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடும் வறட்சியையே நினைவூட்டுவன. இங்குள்ள விவசாயிகள் மழை வராதோ என்று வானத்தைப் பார்த்துப் பழகியவர்களேயன்றி, வந்த மழை நில்லாதோ என்று அஞ்சிப் பழகியவர்கள் அல்லர். இக்காரணத்தாலேயே பெருமழை வருங்காலத்தில் இந்த ஜில்லாவில் சேதம் அதிகமாகிறது. கோடைக் காலத்து இடிமழையிலும், மார்கழியை ஒட்டிய அடைமழையிலும் உயிரையும் கால்நடையையும் பயிரையும் காத்துக்கொள்ளும் முறைகளும், அவற்றுக்கு முதற்படியாகக் கிராமத்திலேயே மழையை அளந்தறியும் முறையும் கீழே விவரிக்கப்படுகின்றன.

2023-ஆம் வருஷத்துப் பெருமழை

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி காலை 8-30 மணி முதல் மறுநாள் காலை 8-30 மணி வரையிலான 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., கோவில்பட்டியில் 53 செ.மீ. பதிவாயின. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டிய மழைக்கு மேற்பட்ட மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்துவிட்டது. தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் பல உடைந்தன. கோரம்பள்ளம் குளத்து நீர் வெளிப்பட்டுத் தூத்துக்குடி நகரத்தின் தாழ்ந்த பகுதிகளைச் சூழ்ந்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் முதலிய ஊர்களுக்குப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. வாழையும் நெல்லும் நீரில் மூழ்கின. மின்சாரமும் தொலைபேசியும் பல ஊர்களில் ஒருங்கே நின்றுபோயின.

இந்த மழை புயலால் வந்ததன்று. குமரிக்கடல் பகுதியில் வானத்தின் மேலடுக்கில் ஏற்பட்ட காற்றுச் சுழற்சியால் வந்தது. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் கப்பல்களுக்கும் வள்ளங்களுக்கும் கடற்காற்றின் அபாயத்தை அறிவிப்பதற்காக ஏற்பட்டவை. கூண்டு ஏறவில்லை, ஆதலின் மழை அபாயமும் இல்லை என்று கரையோர விவசாயிகள் எண்ணுவது தவறான முடிவாகும்.

பாபநாசம், மணிமுத்தாறு முதலிய அணைகள் இருக்கும்பொழுது வெள்ளம் எப்படி வந்தது என்று சிலர் வினவக்கூடும். அணையானது தனக்கு மேலே பெய்யும் மழையை மட்டுமே ஓரளவு தாங்கி நிறுத்தும். ஸ்ரீவைகுண்டத்திலும் திருச்செந்தூரிலும் காயல்பட்டினத்திலும் பெய்த மழை அணைகளுக்கு வெகு தூரம் கீழே பெய்த மழை. அதைத் தடுத்து நிறுத்த மேலே உள்ள எந்த அணையாலும் இயலாது. அந்நீர் கிராமக் குளங்களையும் மறுகால்களையுமே நம்பி வருகிறது.

எச்சரிக்கைச் சொற்களின் பொருள்

இந்திய வானிலைத் துறையார் தங்கள் அறிக்கைகளில் வழங்கும் சொற்களுக்குத் திட்டமான அளவு உண்டு. 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்வது கனமழை எனப்படும். 12 முதல் 20 செ.மீ. வரை பெய்வது மிகக் கனமழை. 21 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்டது அதிகனமழை. நிறங்களாலும் எச்சரிக்கை தரப்படுகிறது. பச்சை நிறம் எச்சரிக்கை இல்லை என்பதையும், மஞ்சள் நிறம் கவனித்திருக்க வேண்டும் என்பதையும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதையும், சிவப்பு நிறம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதையும் குறிக்கும்.

இங்கே கிராமத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அதிகனமழை என்ற சொல்லுக்குக் கீழெல்லை உண்டு, மேலெல்லை இல்லை. 21 செ.மீ. பெய்தாலும் அதிகனமழை; காயல்பட்டினத்தில் பெய்ததுபோல் 95 செ.மீ. பெய்தாலும் அதிகனமழையே. முன்னது வாய்க்காலை நிரப்பும். பின்னது குளத்தை உடைக்கும். இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். அன்றியும் எச்சரிக்கையானது ஒரு ஜில்லா முழுமைக்கும் பொதுவாகத் தரப்படுவது. மழையோ ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரில் தூறலாக நிற்கும். ஆகையால் எச்சரிக்கையைக் கேட்டு ஆயத்தமாவது முதற்காரியம். அதன்பின் தன் ஊரில் உண்மையில் எவ்வளவு பெய்தது, இன்னும் எவ்வளவு பெய்துகொண்டிருக்கிறது என்பதை மணிக்கு மணி அறிந்துகொள்வது கிராமத்தாரின் கையிலேயே உள்ளது.

கண்ணால் கண்டு மதிப்பிடுவது போதாது. காயல்பட்டினத்து 95 செ.மீ. மழையை 24 மணிக்குப் பங்கிட்டால் மணிக்குச் சராசரி 4 செ.மீ. அளவே ஆகிறது. மணிக்கு 4 செ.மீ. மழையைக் கோடை இடிமழையில் பலரும் கண்டிருக்கக்கூடும். அது ஒரு மணி பெய்து ஓய்ந்தால் நிலத்துக்கு நன்மையே. நில்லாமல் இரவும் பகலும் பெய்வதே விபரீதம். வீட்டுக்குள் படுத்திருப்பவருக்கு மூன்றாவது மணியின் ஓசையும் பதினைந்தாவது மணியின் ஓசையும் ஒன்றுபோலவே கேட்கும். கூட்டித் தொகையைச் சொல்வது அளவு ஒன்றே.

மழையளவை நீரளவாக மாற்றும் கணக்கு

முன்னோர் ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று மண்ணின் ஈரத்தைக் கொண்டு அளந்தனர். விதைப்புக்கு அது போதுமானது. வெள்ளத்துக்கு வேறு கணக்கு வேண்டும்.

ஒரு ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் அந்நிலத்தில் விழுந்த நீர் சுமார் 40,000 லிட்டர். 95 செ.மீ. பெய்தால் சுமார் 38 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் முந்நூறுக்கு மேல் ஒரே ஏக்கரில் வந்து கொட்டினால் எவ்வளவோ அவ்வளவு.

குளத்தின் நீர்ப்பிடிப்பைப் பற்றிய கணக்கும் இதைப்போல் எளியதே. ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 247 ஏக்கர் பரப்பில், ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. மழை பெய்து அவ்வளவும் ஓடி வருமானால், வினாடிக்கு ஏறக்குறைய 1,000 கன அடி நீர் குளத்துக்கு வந்து சேரும். பாதி மண்ணில் ஊறினால் 500 கன அடி. நான்கு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள ஒரு சிறு குளத்துக்கு இக்கணக்கின்படி வினாடிக்கு 2,000 முதல் 4,000 கன அடி வரை நீர் வரக்கூடும். அக்குளத்தின் மறுகால் எவ்வளவு நீரை வெளியேற்ற வல்லது என்பதைப் நீர்வளத் துறைப் பொறியாளரிடம் கேட்டு, ஊராட்சிப் பதிவேட்டில் குறித்து வைத்திருப்பது நலம். வரும் நீர் இந்த அளவை மிஞ்சும்பொழுது கரைக்கு ஆபத்து தொடங்குகிறது.

மண்ணின் குணத்தையும் கருத வேண்டும். தேரி மணல் மழையை விரைவில் உறிஞ்சும். கரிசல் மண்ணோ முதல் மழையைத் தன் வெடிப்புகளில் வாங்கிக்கொண்டு, பின்னர் ஊறிப் பருத்து வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்வதில் பெரும்பாகம் மேலே வழிந்தோடும். ஆகையால் கரிசல் பிரதேசத்தில் முதல் நாள் மழைக்கு ஓடாத ஓடை, இரண்டாம் நாள் அதே அளவு மழைக்குத் திடீரெனப் பெருகக்கூடும்.

கிராம மழைமானி

மழையை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி அவசியமில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாயும், பக்கங்கள் நேராயும், அடி தட்டையாயும் உள்ள உயரமான பாத்திரம் ஒன்று போதும். பாத்திரம் சிறியதாயினும் பெரியதாயினும் அதில் நிற்கும் நீரின் உயரம் ஒன்றுதான். அவ்வுயரத்தைப் பள்ளிக்கூடத்து அளவுகோலால் செ.மீ. கணக்கில் அளக்கலாம். பானை, குடம் போன்று வயிறு அகன்ற பாத்திரங்களும், வாளியைப் போல் வாய் அகன்று அடி குறுகியவையும் பொருந்தா.

பாத்திரத்தைத் திறந்த வெளியில், காற்றுக்குச் சாயாதபடி செங்கற்களுக்கு நடுவே வைக்க வேண்டும். அருகிலுள்ள சுவர் அல்லது மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தூரம் விலகி இருத்தல் வேண்டும். கூரையிலிருந்து வழியும் நீரோ தரையிலிருந்து தெறிக்கும் நீரோ அதில் விழலாகாது. சாதாரண நாட்களில் காலை 8-30 மணிக்கு அளந்து கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறையாரின் நாட்கணக்கும் அந்நேரத்திலேயே தொடங்குவதால் ஒப்பிட்டுப் பார்க்க எளிதாகும். பெருமழைக் காலத்தில் மணிக்கு ஒருமுறை அளந்து, கொட்டி, நேரத்தையும் அளவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மொத்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இடி முழங்கும் நேரத்தில் மட்டும் வெளியே சென்று அளப்பதைத் தள்ளி வைக்க வேண்டும். இடி ஓய்ந்தபின் இடைப்பட்ட நேரத்துக்கு மொத்தமாக அளந்து எழுதலாம்.

ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், நூலகம் ஆகிய இடங்களுள் ஒன்றில் இதை அமைத்து, மழைக்காலத்தில் இரவுக்கு இருவராக முறை வைத்துக்கொள்வது தக்கது. பள்ளி மாணவர்களைப் பகல் நேர அளவில் பழக்கினால் அடுத்த தலைமுறைக்கும் இவ்வழக்கம் நிலைபெறும்.

அளவுக்கேற்ற நடவடிக்கை

அளவை எழுதி வைப்பது மட்டும் பயன் தராது. எந்த அளவு எட்டியவுடன் யார் என்ன செய்வது என்பதை மழைக்காலத்துக்கு முன்னரே ஊர்க்கூட்டத்தில் தீர்மானித்து எழுதி ஒட்ட வேண்டும். உதாரணமாக ஒரு கிராமம் பின்வருமாறு ஏற்படுத்திக்கொள்ளலாம்.

(1) மொத்தம் 7 செ.மீ. எட்டியவுடன் மடை, மறுகால், குளக்கரை ஆகியவற்றை இருவர் பார்வையிடுவது. தாழ்ந்த வயல்களில் உள்ள பம்புசெட்டுகளின் மின் இணைப்பை நிறுத்துவது.

(2) அடுத்தடுத்து இரண்டு மணி நேரம் மணிக்கு 3 செ.மீ.க்கு மேல் பெய்தால், அல்லது மொத்தம் 12 செ.மீ. எட்டினால், கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டுவது. கிராம நிர்வாக அலுவலருக்கும் கீழ்க் கிராமத்துக்கும் அளவைத் தெரிவிப்பது.

(3) மொத்தம் 20 செ.மீ. எட்டி மழை ஓயாதிருந்தால், ஓடைக்கரையிலும் குளத்தின் கீழும் உள்ள குடும்பங்களைப் பொழுது சாயுமுன் பள்ளிக்கூடம் முதலிய உயர்ந்த கட்டிடங்களுக்குக் கொண்டு சேர்ப்பது.

இவ்வெண்கள் எல்லா ஊருக்கும் பொருந்துவன அல்ல. குளத்தின் அளவு, கரையின் உறுதி, ஊரின் மேடுபள்ளம் இவற்றுக்கேற்ப ஒவ்வோர் ஊரும் தன் எண்ணைத் தானே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். 1992-ஆம் வருஷம் நவம்பர் மாதத்திலும் 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்திலும் வந்த தாமிரபரணி வெள்ளங்களில் நீர் எங்கே எட்டியது என்பதை நேரில் கண்டவர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டு, பள்ளிக்கூடச் சுவரிலும் சாவடித் தூணிலும் அந்த மட்டத்தைச் சாயத்தால் குறித்து வருஷத்தையும் எழுதி வைப்பது எளிய காரியம், பயன் பெரிது.

மேல் கிராமத்தார் தரும் செய்தியே கீழ்க் கிராமத்தாருக்குச் சிறந்த எச்சரிக்கை. பெருகிவரும் நீர் வினாடிக்கு 1 முதல் 2 மீட்டர் வேகத்தில் செல்லும் எனக் கொண்டால், 15 கிலோமீட்டர் மேலே உடைந்த குளத்தின் நீர் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் வந்து சேரும். அந்நேரம் ஓர் ஊரையே மேட்டுக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. செய்தி வராவிட்டால் அந்நேரம் உறக்கத்திலேயே கழியும்.

தொலைபேசி நின்றுபோகும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்துச் செய்தி செல்லும் வழியை அமைக்க வேண்டும். முற்காலத்தில் தண்டோராவும் கோயில் மணியும் இதற்கு உதவின. இக்காலத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளை மின்கலத்தில் இயங்குமாறு வைத்துக்கொள்ளலாம். பாட்டரியால் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நலம்; திருநெல்வேலி வானொலி நிலையத்தின் செய்தியை அதில் கேட்கலாம். தொலைபேசி உள்ளவரை ஜில்லாக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். கைப்பேசி வைத்திருப்பவர்கள் தமிழக சர்க்காரின் டி.என். அலர்ட், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத், மின்னலுக்கென்று புனே வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த தாமினி ஆகிய செயலிகளைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

குளக்கரையும் மறுகாலும்

மழைக்காலத்துக்கு முன், புரட்டாசி மாதத்துக்குள், குளத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். கரையில் எலி வளை, நண்டு வளை, வெட்டிய மரத்தின் அழுகிய வேர் இருந்த துவாரம் இவை உள்ள இடங்களிலேயே நீர் முதலில் கசியும். மறுகாலிலும் வரத்துக்கால்களிலும் சீமைக் கருவேல் மண்டியிருந்தால், அடித்துவரும் குப்பை அங்கே சிக்கி நீரைத் தேக்கிக் கரைக்கு மேல் வழியச் செய்யும். மறுகால் வாயில் மண் மூட்டையோ பலகையோ வைத்து நீரை அதிகம் தேக்க முயல்வது, ஒரு பூப் பயிருக்காக ஊரையே பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். மணல் மூட்டைகள், மண்வெட்டிகள், கயிறு, கைவிளக்கு ஆகியவற்றை மடைக்கு அருகிலுள்ள ஒரு வீட்டில் சேகரித்து வைக்க வேண்டும்.

குளம் உடையும் நிலையில் இருக்கும்பொழுது, தன் வயலைக் காக்கும் எண்ணத்தோடு ஒருவர் இருளில் கரையை வெட்டிவிடுவது பெருங்குற்றம். வெட்டிய இடம் நொடிக்கு நொடி அகன்று, கீழ்க் கிராமத்தின்மேல் நீர் ஒரேயடியாகச் சென்று பாயும். நீரை வெளியேற்ற வேண்டியது அவசியமாயின், எங்கே எவ்வளவு என்பதைப் பொறியாளரும் வருவாய்த் துறையாருமே தீர்மானிக்க வேண்டும். அதுவும் கீழே உள்ளவர்களுக்குச் செய்தி எட்டிய பின்னரே செய்யத்தக்கது.

கோடை இடி

சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பத்தால் சூடான ஈரக்காற்று விரைவாக மேலெழும்பி, பிற்பகலில் கருத்துத் திரண்டு உயர்ந்த மேகமாகிறது. அம்மேகத்தினுள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மின்னேற்றம் பிரிந்து மின்னல் உண்டாகிறது. இந்தியாவில் ஒவ்வொரு வருஷமும் 2,000-க்கு மேற்பட்டவர்கள் மின்னலால் உயிரிழக்கின்றனர். திறந்த வெளியில் வேலை செய்வோருக்கே அபாயம் அதிகம். இந்த ஜில்லாவில் பனையேறிகள் பதநீர் இறக்கும் பருவமும், உப்பளத் தொழிலாளர் உப்பு வாரும் பருவமும் கோடை இடியின் பருவமும் ஒன்றாகவே வருகின்றன.

மின்னலைக் கண்டவுடன் எண்ணத் தொடங்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறக்குறைய 3 வினாடி ஆகும். 30 எண்ணுமுன் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்பொழுதே வேலையை நிறுத்தி உறுதியான கட்டிடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழியும் வரை வெளியே வருதல் கூடாது. மழை தொடங்கவில்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது. மழை பெய்யும் இடத்துக்கு அப்பாலும் மின்னல் விழும்.

தனித்து நிற்கும் பனை, தென்னை, வேம்பு இவற்றின் கீழ் ஒதுங்கலாகாது. ஓலைக் குடிசை, பக்கச் சுவரில்லாத தகரக் கொட்டகை, களத்துப் பந்தல் இவையும் காப்பாகா. மேல்மூடியுள்ள மோட்டார் வண்டிக்குள் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு இருக்கலாம். டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் உதவா. கம்பி வேலி, பம்புசெட், இரும்புக் குழாய், கிணற்றடி, குளத்து நீர் இவற்றை விட்டு அகல வேண்டும். ஒதுங்க இடமில்லாத வெளியில் அகப்பட்டவர், மண்வெட்டி முதலிய இரும்புக் கருவிகளை அப்பால் போட்டுவிட்டு, இரு பாதங்களையும் சேர்த்துவைத்துக் குந்தி இருக்க வேண்டும், தரையில் படுக்கலாகாது. பலர் இருந்தால் ஒருவரை விட்டு ஒருவர் விலகி இருப்பது நலம்.

மரத்தில் விழுந்த மின்னல் வேர்வழியாகத் தரையில் பரவும். அத்தரையில் முன்கால் ஓரிடத்திலும் பின்கால் வேறிடத்திலும் ஊன்றி நிற்கும் மாட்டின் உடல்வழியே மின்சாரம் பாய்கிறது. மரத்தடியில் கட்டிய மாடுகள் கூட்டமாக இறப்பதற்கு இதுவே காரணம். ஆகையால் மேகம் கருத்தவுடன் மாடுகளை மரத்தடியிலிருந்தும் கம்பி வேலியிலிருந்தும் அவிழ்த்துத் தொழுவத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. அவரைத் தொட அஞ்ச வேண்டியதில்லை. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பின் நடுவே இரு கைகளாலும் விரைவாக அழுத்தி அழுத்தி எடுக்கத் தொடங்கி, 108 எண்ணுக்குச் சொல்லி ஆம்புலன்ஸ் வரும் வரை விடாது செய்ய வேண்டும். இறந்தவர்போல் கிடந்தோர் பலர் இம்முறையால் பிழைத்திருக்கின்றனர்.

பெருகும் நீரில் இறங்காமை

தலைக்கு மேல் வெயில் காயும்பொழுதும் வெள்ளம் வரக்கூடும். 2024-ஆம் வருஷம் மே மாதம் 17-ஆம் தேதி, அண்டை ஜில்லாவான தென்காசியில் பழைய குற்றாலம் அருவியில், மலைமேல் பெய்த கோடைமழையால் திடீரென நீர் பெருகிக் குளித்துக்கொண்டிருந்தோரைச் சூழ்ந்தது; ஒரு சிறுவன் உயிரிழந்தான். வைப்பாற்றிலும் கரிசல் காட்டு ஓடைகளிலும் வருஷத்தில் பெரும்பகுதி மணலே தெரிவதால் ஆடு மேய்ப்போர் அங்கே தங்குவதுண்டு. மேற்கே மேகம் இடித்தால், இங்கே தூறல் இல்லாவிடினும், ஆட்டுக்கிடையைக் கரைக்கு மேல் ஏற்றிவிட வேண்டும். நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியவை வெள்ளத்தின் முன்னடையாளங்கள்.

வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. ஆழமே இருந்தாலும் வளர்ந்த மனிதனைச் சாய்த்துவிடக்கூடும். 30 செ.மீ. நீர் சிறிய காரை மிதக்கச் செய்யும். 60 செ.மீ. நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடும்பொழுது அதன் அடியில் பாலமே அரித்துப் போயிருக்கலாம். மேலே நிற்பவருக்கு அது தெரியாது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் செய்துங்கநல்லூர் மார்க்கத்தில் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லி வெள்ளத்தில் அரித்துப் போய்விட்டது. பிரயாணிகள் டிசம்பர் 19-ஆம் தேதி வரை பெருந்துன்பம் அடைந்தனர் என்பது உண்மையே. ஆயினும் உரிய இடத்தில் நிறுத்தியதால் அத்தனை உயிர்களும் காப்பாற்றப்பட்டன. நின்றுவிட்டால் ஒருநாள் உணவும் உறக்கமும் போகும். கடக்கத் துணிந்தால் உயிரே போகும். மாட்டு வண்டியையும் மோட்டார் சைக்கிளையும் ஓடை நீரில் இறக்க எண்ணுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வெள்ளம் சூழும் நிலையில் கால்நடைகளைக் கட்டியபடி விட்டுச் செல்லலாகாது. மேட்டுக்கு ஓட்ட நேரமில்லாவிடில் கயிற்றையாவது அறுத்துவிட வேண்டும். பத்திரங்கள், பட்டா, குடும்ப அட்டை, விதை நெல் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் வைத்தல் வேண்டும்.

வெள்ளம் வடிந்த பின்

அறுந்து கிடக்கும் மின்கம்பியை நெருங்கலாகாது. மின்வாரியத்தின் மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் தெரிவிக்க வேண்டும். நீரில் மூழ்கிய மோட்டாரைக் காயவைத்துச் சோதித்த பின்னரே ஓட்ட வேண்டும். கிணற்று நீரைக் குளோரின் இட்டு, காய்ச்சிக் குடிக்க வேண்டும். தேங்கிய நீரில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும்; தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.

வாழைத்தோட்டத்தில் தேங்கிய நீரை எவ்வளவு விரைவில் வடிக்கின்றோமோ அவ்வளவு வேர்கள் பிழைக்கும். சாய்ந்த மரங்களுக்கு முட்டுக் கொடுத்து மண் அணைக்க வேண்டும். நெல்வயலில் நீர் வடிந்து புதிய வேர் கண்ட பின்னரே மேலுரம் இட வேண்டும். உப்பளத்தை ஒட்டிய வயல்களில் உப்பு நீர் புகுந்திருந்தால், நன்னீர் நிறுத்தி வடித்து, மண்ணைச் சோதித்த பிறகே அடுத்த பயிருக்கு முனைய வேண்டும். சேதத்தைச் சர்வே எண் விளங்கும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் காலந்தாழ்த்தாது தெரிவிக்க வேண்டும். அடங்கலில் பயிர் பதிவாகாத நிலத்துக்கு நிவாரணம் பெறுவது கடினம். ஆகையால் அப்பதிவு விதைத்த மாதத்திலேயே சரிபார்க்கத்தக்கது.

மேற்கூறியவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது எதுவுமில்லை. ஒரு பாத்திரம், ஓர் அளவுகோல், ஒரு நோட்டுப் புத்தகம், இரவில் விழித்திருக்க இருவர், கீழ்க் கிராமத்துக்குச் செய்தி கொண்டுபோக ஒருவர் — இவ்வளவே முதலில் வேண்டுவன. ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வோர் ஊராட்சியும் ஊர்க்கூட்டம் கூட்டி இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டு, மேல் கிராமம், கீழ்க் கிராமம் இரண்டிலும் தொடர்புகொள்ள வேண்டியவர் இன்னார் என்பதை எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.